மெயின் சரிசெய்த ஹெட்லைட்

என் தம்பியை எல்லோரும் மெயின் என்றுதான் கூப்பிடுவார்கள். எந்த வீட்டுக்கு வயரிங் வேலைக்குப் போனாலும் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, "மெயின் எங்க?" என்று கேட்பான். வாங்க, உட்காருங்க, தண்ணீர் வேண்டுமா என்று யார் எத்தனை முறை உபசரித்தாலும் காதில் விழாது. மெயின் ஸ்விட்ச் இருக்கும் இடத்தைக் கண்டுபிடித்து, அதைத் தன் கையாலேயே அணைத்த பிறகுதான் எதிரில் ஒரு மனிதர் நிற்பதே அவனுக்குத் தெரியும். ஒரு தடவை சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போன இடத்திலும் பழக்க தோஷத்தில் கேட்டுத் தொலைத்தான். நான் பின்னாலிருந்து இடுப்பில் கிள்ளினேன். அந்த வீட்டுக்காரர் பாவம், அழுகையை நிறுத்திவிட்டு மாடிப்படிக்குக் கீழே கையைக் காட்டினார்.

நான் அவனுக்கு நான்கு வயது மூத்தவள். முப்பது வருஷம் மின்சார அலுவலகத்தில் புகார் வாங்கும் ஃபோனை எடுத்தவள். கரன்ட் போன வீட்டுக்காரர்கள் என்னென்ன வார்த்தையில் திட்டுவார்கள் என்று என்னைக் கேட்டால் தனிப் புத்தகமே போடலாம். அந்த வேலை எனக்குக் கல்யாணத்தைக் கொடுக்கவில்லை, வாயைக் கொடுத்தது. ஓய்வு பெற்றதும் தம்பி வீட்டோடு வந்துவிட்டேன். தம்பி, அவன் மனைவி, நான். மூன்று அறை, ஒரு தையல் மெஷின், வாசலில் ஒரு பழைய கார். எங்கள் சொத்து அவ்வளவுதான்.

அறுபத்து மூன்றாவது வயதில் என் சிறுநீரகம் இரண்டும் சேர்ந்து வேலைநிறுத்தம் செய்தன. வாரத்துக்கு மூன்று நாள் ஆஸ்பத்திரியில் படுத்து, நான்கு மணி நேரம் மெஷின் மூலம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொள்ள வேண்டும். எனக்குக் கிடைத்தது முதல் ஷிஃப்ட். காலை ஐந்தே கால் மணி, நான்காம் நம்பர் பெட். அங்கே ஒரு சட்டம் உண்டு. கால் மணி நேரத்துக்கு மேல் தாமதமானால், வெளியே பெஞ்சில் காத்திருக்கிறவரை அந்தப் பெட்டில் ஏற்றிவிடுவார்கள். அன்றைக்கு நமக்கு இல்லை. பெஞ்சில் இருப்பவருக்கும் உயிர்தானே, அவர்களைக் குறை சொல்ல முடியாது. ஒரு நாளைத் தவறவிட்டால் என்ன ஆகும் என்பது எனக்குப் புத்தகத்தில் படித்துத் தெரிந்த விஷயம் இல்லை. ஆரம்பத்தில் டாக்சிக்குச் சொல்லி வைத்திருந்தேன். ஒரே மாதத்தில் இரண்டு தடவை வரவில்லை. இரண்டாவது தடவை, நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு, படுக்க முடியாமல் ஒரு நாள் முழுக்கக் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தபடி மூச்சுக்கு அடித்துக்கொண்டேன். தம்பி என் முதுகைத் தடவியபடி நின்றுகொண்டிருந்தான்.

"இனிமே எவனும் வர வேணாம். நானே கூட்டிட்டுப் போறேன்" என்றான்.

அன்றிலிருந்து ஒன்றரை வருஷம் ஒரு நாள் தவறவில்லை. நாலரைக்கு வண்டியை எடுத்தால் நாற்பது நிமிஷம். பஸ் ஆறு மணிக்குத்தான். எங்கள் வீடு இருப்பது கடைசித் தெருவில், அதற்கு அப்பால் தெருவிளக்கு பாதி எரியும், பாதி எரியாது. அந்தக் காரும் அதன் இரண்டு விளக்கும்தான் என்னை உயிரோடு வைத்திருந்தன. இதில் மிகை ஒன்றும் இல்லை.

காருக்கு இருபத்தாறு வயது. மெக்கானிக்கிடம் விட மாட்டான், எல்லாம் தானே செய்வான். வயரிங்காரனுக்குத் திறந்து கிடக்கும் உலோகத்தைப் பார்த்தால் ஆகாது. ஆளைக் கொல்வது அதுதான் என்பது அவன் தொழில் கற்றுக்கொடுத்த பாடம். போன மழைக்காலத்தில் பானெட்டைத் திறந்தபோது உள்ளே அங்கங்கே துரு ஏறியிருந்ததாம். ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் குந்தி உட்கார்ந்து துருவைத் தேய்த்து, வாசல் கேட்டுக்கு அடித்தது போக மீதி இருந்த பச்சைப் பெயின்ட்டை எடுத்து, கண்ணில் பட்ட இரும்புக்கெல்லாம் இரண்டு கோட் அடித்தான். போல்ட், நட்டு, வாஷர் எதையும் விடவில்லை, கழற்றி அடியிலும் அடித்தான், மாட்டிய பிறகு மேலேயும் அடித்தான். சாயங்காலம் என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். பச்சைப்பசேல் என்று இருந்தது. "மாடு மேயப்போகுதுடா" என்றேன். அவன் முகம் சுருங்கிவிட்டது, அப்புறம் நன்றாக இருக்கிறது என்று சொல்லித் தேற்றினேன்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு விடியற்காலை, ஓட்டிக்கொண்டே கேட்டான்.

"அக்கா, லைட் மங்கலா இல்ல?"

நான் பின் சீட்டில் அரைத் தூக்கத்தில் இருந்தேன். எட்டிப் பார்த்தேன். உண்மைதான். சாலையில் வெளிச்சம் என்ற பெயரில் மஞ்சளாக ஏதோ விழுந்துகொண்டிருந்தது. அதைவிட வேடிக்கை, திரும்புவதற்கு இன்டிகேட்டர் போட்டால் ஹெட்லைட்டும் அதோடு சேர்ந்து தாளம் தப்பாமல் மங்கி மங்கி எரிந்தது.

"எதிர்ல வர்றவனுக்கெல்லாம் கண்ணடிக்குதுடா உன் வண்டி" என்றேன்.

"பல்பு போயிருக்கும். மாத்திடறேன்."

பல்பை மாற்றினான். போகவில்லை. ஃபியூஸை மாற்றினான். போகவில்லை. ஸ்டியரிங் அடியில் இருக்கும் ஸ்விட்சைக் கழற்றி, உப்புத்தாளால் தேய்த்து மாட்டினான். பிறகு ரிலே என்று ஒரு சின்னக் கறுப்புப் பெட்டியை வாங்கி வந்து, புதிதாக வயர் இழுத்து, வளைவுகளில் அழகாக முடிச்சுப் போட்டுக் கட்டினான். வேலை சுத்தம், அதில் குறை சொல்ல முடியாது. வெளிச்சம்தான் வரவில்லை.

இதெல்லாம் சாயங்கால வேலை. அவன் வேலையிலிருந்து திரும்பியதும் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு என்னை உட்கார வைப்பான். டார்ச் பிடிக்கிற உத்தியோகம் எனக்கு. இடது கையில் ஊசி போடுவதற்காக ரத்தக்குழாயை இணைத்துத் தைத்திருப்பதால் அதில் எதையும் தூக்கக் கூடாது, வலது கையில்தான் பிடிப்பேன். கை வலித்து டார்ச் இறங்கினால் போதும், "அக்கா, வெளிச்சம்" என்று அதட்டுவான். ஒரு வயரைப் பிடித்து கரன்ட் பார்க்கும் மீட்டரின் ஒரு முனையை அதில் வைப்பான், இன்னொன்றை பேட்டரியில் வைப்பான். தலையை ஆட்டுவான்.

"சப்ளை வருது."

"வருதுன்னா ஏன்டா சரியா எரியல?"

"அதான் தெரியல."

இதே பதிலை நான் முப்பது வருஷம் ஃபோனில் மற்றவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். கேட்கிறவர்களுக்கு எவ்வளவு எரிச்சலாக இருந்திருக்கும் என்று அப்போதுதான் தெரிந்தது.

"பேட்டரிக்கடைக்காரர்கிட்ட ஒரு வார்த்தை கேளேன்டா" என்றால் கோபம் பொத்துக்கொண்டு வரும்.

"ஊர்ல பாதி வீட்டுக்கு நான் லைட் போட்டிருக்கேன். ஒரு டப்பா வண்டிக்குப் போட எவன்கிட்டயோ போய் நிக்கணுமா?"

இரண்டு மாதம் இப்படியே போனது. வாரம் மூன்று நாள் அந்த மஞ்சள் வெளிச்சத்தில் போய்வந்தோம். வேகம் குறைந்துகொண்டே வந்தது. நாலரைக்குக் கிளம்பியவர்கள் நாலேகாலுக்குக் கிளம்பினோம், பிறகு நாலு மணிக்கு. ஓட்டும்போது ஓயாமல் பேச்சுக் கொடுப்பான். "அக்கா, சிக்னல் பச்சைதானே?" "அந்த லாரி நிக்குதா, வருதா?" நான் தூங்கிவிடாமல் இருக்கத்தான் இவன் இப்படி நச்சரிக்கிறான் என்று நினைத்து, சலித்துக்கொண்டே பதில் சொல்வேன்.

ஒரு நாள் அவன் வேலைக்குப் போன நேரம் பார்த்து நானே பேட்டரிக்கடைக்குப் போனேன். கடைக்காரர் குள்ளமான மனிதர், கை முழுக்க அமிலத்தால் வந்த தழும்பு. நான் முழுசாகச் சொல்லி முடிக்கக்கூட இல்லை.

"இன்டிகேட்டர் போட்டா ஹெட்லைட்டும் கூடவே ஆடுதா?"

"ஆமாங்க."

"உள்ள எதாவது பெயின்ட் அடிச்சாரா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "பச்சைப் பெயின்ட். ரெண்டு கோட்."

அவர் சிரித்துவிட்டார். "உங்க தம்பி வீட்டு வயரிங்காரர்தானே? அவங்களுக்கு இது தோணாதும்மா. வீட்டுல கரன்ட் வர ஒரு வயர், திரும்பிப் போக ஒரு வயர். எர்த்துங்கறது சும்மா பாதுகாப்புக்கு நிக்கும். வண்டியில அப்படி இல்ல. திரும்பிப் போற வழியே வண்டியோட உடம்புதான். லைட்டுலேர்ந்து ஒரு கறுப்பு வயர் வந்து பாடில போல்ட்டு போட்டு இறுக்கியிருக்கும். அதுக்கு அடியில பெயின்ட் போச்சுன்னா கரன்ட் எப்படித் திரும்பும்? வர்ற பக்கம் எவ்வளவு பார்த்தாலும் சரியாத்தான் காட்டும். போற பக்கம் அடைச்சிருக்கு. சொரண்டச் சொல்லுங்க."

சுரண்டச் சொல்வது சுலபம். அதை இவனிடம் யார் சொல்வது? பேட்டரிக்கடை என்ற பேச்சை எடுத்தாலே அந்த போல்ட்டைத் தொடவே மாட்டான். அப்படி ஒரு பிறவி. அன்றைக்குச் சாயங்காலம் சாப்பிட உட்கார்ந்தபோது, ஒன்றும் தெரியாத பாப்பா மாதிரி மெதுவாக ஆரம்பித்தேன்.

"ஏன்டா, லைட்டுலேர்ந்து ஒரு கறுப்பு வயர் போகுதே, அது எங்க போகுது?"

"பாடிக்கு. எர்த்."

"அதுல கரன்ட் போகுமா?"

"எர்த்துல கரன்ட் போச்சுன்னா எங்கயோ கோளாறுன்னு அர்த்தம்க்கா."

"சரி. அப்போ லைட்டுக்கு வந்த கரன்ட் எந்த வழியா திரும்பிப் போகும்?"

பிசைந்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது. என்னைப் பார்த்தான். என்னைத் தாண்டி சுவரைப் பார்த்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக் கழுவியும் கழுவாமலும் வாசலுக்குப் போனான். அவன் மனைவி தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். "அவனே கண்டுபிடிச்சிட்டான்" என்றேன்.

டார்ச்சும் நாற்காலியுமாக நானும் போனேன். இருட்ட ஆரம்பித்திருந்தது. விளக்குக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவினான். பச்சைப் பெயின்ட்டில் போல்ட்டின் தலையே மூடியிருந்தது. ஸ்பேனர் வழுக்கியது. நான்காவது தடவைதான் பிடி கொடுத்தது. கழற்றினான். அடியில் இருந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்தான். பச்சை போய், அடியில் மிச்சமிருந்த சிவப்புத் துரு போய், வெள்ளி மாதிரி இரும்பு தெரிந்தது. வயரின் நுனியையும் அப்படியே தேய்த்துப் பளபளவென்று ஆக்கினான். இரண்டையும் சேர்த்து வைத்து இறுக்கி, மேலே கொஞ்சம் கிரீஸ் தடவினான். அந்தப் பக்கத்து விளக்குக்கும் அதே வைத்தியம். வேலை செய்தது பெரும்பாலும் விரல்கள்தான். தடவித் தடவிச் செய்தான். கண்ணை மூடிக்கொண்டே செய்வான் என் தம்பி என்று எனக்குள் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

ஸ்டியரிங்கில் உட்கார்ந்து ஸ்விட்சைத் திருகினான்.

எதிர் வீட்டுக் காம்பவுண்டுச் சுவர் முழுக்க வெள்ளையாகி நின்றது. சுவரில் இருந்த ஒவ்வொரு விரிசலும் தெரிந்தது. கொடியில் மாட்டியிருந்த துணிக் கிளிப்புகளின் நிறம் தெரிந்தது. ஓர் எறும்பு வரிசை போனதுகூட எனக்குத் தெரிந்தது, நான் கண்ணாடி போட்ட கிழவி. இன்டிகேட்டரைப் போட்டான். ஹெட்லைட் அசையவில்லை. எனக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது.

"எப்படி?" என்றேன், நானே செய்த மாதிரி.

அவன் கண்ணாடி வழியாகச் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம் மங்கலாத்தான்க்கா இருக்கு."

"உன் மூஞ்சி. எதிர் வீட்டுக்காரர் கல்யாண மண்டபமோன்னு வெளிய வந்து பார்க்கப்போறார்."

அவன் சிரிக்கவில்லை. இறங்கி வந்து விளக்குக்கு முன்னால் உள்ளங்கையை நீட்டிப் பார்த்தான். "அடுத்து பேட்டரிக்குச் சார்ஜ் ஏத்தற ஆல்டர்னேட்டர பாக்கணும்" என்று முணுமுணுத்தபடி பானெட்டை மூடத் திரும்பினான். நான் எழுந்த நாற்காலி அங்கேயே கிடந்தது. வெள்ளை நாற்காலி. வெளிச்சத்தின் ஓரத்தில் பட்டப்பகல் மாதிரி தெரிந்துகொண்டிருந்தது. நேராகப் போய் அதில் முழங்காலை இடித்துக்கொண்டு, அதோடு சேர்ந்து கீழே விழுந்தான். எழுந்து, "இத யாரு இங்க வெச்சது?" என்றான்.

நான் நாற்காலியை நிமிர்த்தி வைத்தேன். சிக்னல் பச்சைதானே, லாரி நிற்கிறதா வருகிறதா என்று அவன் கேட்டதெல்லாம் ஒன்றன் பின் ஒன்றாக ஞாபகம் வந்தது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. தம்பி பால் வாங்கப் போயிருந்தான். அவன் மனைவி மெஷினில் பள்ளிக்கூடச் சீருடைக்குக் காலர் அடித்துக்கொண்டிருந்தாள். அதிகம் பேசாத பெண். எதிரில் போய் உட்கார்ந்தேன்.

"அவனுக்குக் கண்ணு சரியா தெரியலையா?"

மெஷின் நிற்கவில்லை. இந்தக் காலரை முடித்து, நூலை அறுத்து, அடுத்ததை எடுத்து வைத்த பிறகு பேசினாள்.

"நாலு மாசமா தெரியும் அண்ணி. அவரோட டூல் பையில, டேப் ரோலுக்கு அடியில ஒரு சொட்டு மருந்து பாட்டில் இருந்துச்சு. கூடவே கண் டாக்டர் எழுதின சீட்டு. கண் நரம்பு கெட்டுப்போச்சாம். போனது திரும்பாதாம், இருக்கறதையாவது காப்பாத்திக்கணுமாம். இருட்டுல வண்டி ஓட்டக் கூடாதுன்னு கீழ கோடு போட்டு எழுதியிருந்தாங்க. பாத்துட்டு அப்படியே திரும்ப வெச்சிட்டேன். எனக்குத் தெரியும்னு அவருக்குத் தெரியாது."

"நாலு மாசமா? என்கிட்ட ஏன் சொல்லல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

அவள் தலையைத் தூக்கவில்லை.

"சொன்னா நீங்க அவர ஓட்ட விட மாட்டீங்க. ஓட்டலன்னா, நீங்க எப்படி அண்ணி போவீங்க?"

என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. திட்டு வாங்கிப் பழக்கப்பட்டவள் நான். அவள் புருஷனை ஒவ்வொரு விடியற்காலையும் அந்த இருட்டுக்குள் அனுப்பிவிட்டு, திரும்பி வருகிற சத்தம் கேட்கும் வரைக்கும் இந்த மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்திருந்திருக்கிறாள். நான் ஒவ்வொரு தடவையும் வந்ததும் வராததுமாக டீ கேட்டிருக்கிறேன்.

அன்று முழுக்க ஃபோனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆஸ்பத்திரி நர்ஸிடம், பகல் ஷிஃப்டுக்கு மாற்ற முடியுமா என்று கேட்டேன். "உங்களுக்கு முன்னாடி பதினோரு பேர் இருக்காங்கம்மா" என்றாள். நல்ல பெண், அவள் குரலிலேயே வருத்தம் தெரிந்தது. பதினோரு பேரில் யாராவது செத்தால்தான் வரிசை நகரும், அதை அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பழைய டாக்சிக்காரரைக் கூப்பிட்டேன். "வர்றேன்னு சொல்றேன் மேடம், ஆனா என்ன நம்பிடாதீங்க" என்றார். அந்த நேர்மைக்கு அவரைக் கோயில் கட்டித்தான் கும்பிட வேண்டும். பேட்டரிக்கடைக்காரருக்கு வண்டி ஓட்டத் தெரியும், ஆனால் அந்த நேரத்தில் படுக்கையில் கிடக்கும் தாயாரைப் பக்கத்தில் ஆள் இல்லாமல் விட முடியாது. எதிர் வீட்டுக்காரர் ஒரு நாள் என்றால் வருவேன் என்றார். ஒரு நாளை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நாளை முடிந்தால் புதன், புதன் முடிந்தால் வெள்ளி, இருக்கிற வரைக்கும் வாரம் மூன்று நாள். அந்த ஒரு நாளையாவது நாளைக்கென்று கேட்டு வாங்கியிருக்கலாம். ஏனோ கேட்கவில்லை. வழக்கம்போல நடந்துவிட்டால் போதும் என்று மனசுக்குள் ஒரு கோழை உட்கார்ந்திருந்தாள்.

திங்கட்கிழமை நாலு மணிக்கு வண்டியில் ஏறினேன். எல்லாம் தெரிந்துதான் ஏறினேன். இதை மறைத்து நல்லவள் வேஷம் போட எனக்கு விருப்பமில்லை. செத்துப்போக பயமாக இருந்தது, அவ்வளவுதான். வழக்கமாகப் பின் சீட்டு. அன்று முன் சீட்டில் உட்கார்ந்தேன்.

"என்னக்கா, புதுசா?" என்றான்.

"உன் லைட்ட முன்னாடி உக்காந்து பாக்கணும்னு ஆசை."

அவனுக்குச் சந்தோஷம். வண்டியை எடுத்தான். வெளிச்சம் சாலையின் நடுக்கோடு, ஓரத்துக் கல், மரத்தின் பட்டை வரைக்கும் காட்டியது. நான் சாலையைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி தாண்டியதும் வேகத்தைக் குறைத்தான், டயர் கடைக்கு முன்னால் இடது பக்கம் திருப்பினான். இரண்டும் சரியான இடம்தான். ஆனால் அவன் எதையும் பார்த்துச் செய்யவில்லை. உதடு லேசாக அசைந்துகொண்டிருந்தது. எண்ணிக்கொண்டிருந்தான். இந்த வழியை முழுசாக மனப்பாடம் செய்து வைத்திருந்தான் என் தம்பி.

பெரிய சாலைக்கு வந்தோம். தூரத்தில், இடது ஓரமாக, தெருக் கூட்டுகிற ஒரு பெண் குப்பை வண்டியைத் தள்ளிக்கொண்டு போனாள். ஆரஞ்சு நிறச் சட்டை. அதில் தைத்திருந்த பட்டைகள் எங்கள் வெளிச்சத்தில் பளீரென்று மின்னின. இதைப் பார்க்காமல் ஒருவர் இருக்க முடியாது. இப்போது பார்ப்பான், இப்போது ஒதுங்குவான் என்று காத்திருந்தேன். எங்கள் வண்டி நேராகப் போனது. அவள் முதுகு பெரிதாகிக்கொண்டே வந்தது. மனப்பாடத்தில் அவள் இல்லை.

"நிறுத்துடா!" என்று கத்தி, ஸ்டியரிங்கைப் பிடித்து என் பக்கத்திலிருந்து அவன் பக்கம் தள்ளினேன்.

பிரேக் கிறீச்சிட்டது. பக்கவாட்டுக் கண்ணாடி குப்பை வண்டியில் இடித்து மடங்கியது. துடைப்பம் தெறித்துச் சாலையில் விழுந்தது. அந்தப் பெண்ணுக்கு ஒன்றும் ஆகவில்லை. குப்பை வண்டியை ஒட்டிக்கொண்டு நின்றிருந்தாள், நாற்பது வயதுதான் இருக்கும். சத்தம் போடுவாள் என்று நினைத்தேன். போடவில்லை. எங்கள் ஹெட்லைட்டைப் பார்த்தாள், பிறகு குனிந்து உள்ளே என் தம்பியைப் பார்த்தாள்.

"லைட்டு போட்டுக்கிட்டுத்தானே வர்றீங்க?" என்று கேட்டாள்.

அவள் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு மறுபடியும் நடந்தாள்.

வண்டியை ஓரம் கட்டச் சொன்னேன். கட்டினான்.

"கண்ணு போறது உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

ஆமாம் என்று தலையை ஆட்டினான்.

"தெரிஞ்சும் ரெண்டு மாசமா அந்த லைட்ட ஏன்டா நோண்டிட்டு இருந்த? என்னையும் டார்ச் பிடிக்க வெச்சிட்டு?"

"லைட்டுலயும் கோளாறு இருந்துச்சேக்கா." ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே பேசினான். "அது சரியாயிட்டா, எல்லாமே அதனாலதான்னு ஆயிடும்னு நினைச்சேன். லைட்டுன்னா நான் பண்ணிடுவேன்ல. டாக்டர் சொன்னதுல எனக்குப் பண்றதுக்கு ஒண்ணுமே இல்ல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. திட்டுவதற்கு வாயைத் திறந்தவள் அழுதேன். அறுபது தாண்டிய ஆளின் தலையை இழுத்து என் தோளில் வைத்துக்கொண்டேன். சின்ன வயசில் கரன்ட் போனால் அவன் இப்படித்தான் என்னோடு ஒட்டிக்கொள்வான். அப்போதெல்லாம் நான் அவனைக் கேலி செய்வேன்.

அவன்தான் முதலில் நிமிர்ந்தான். மணி பார்த்தேன், ஐந்தாகப் பத்து நிமிஷம்.

"அக்கா, நேரமாகுது. மெதுவா போறேன். நீ பக்கத்துல உக்காந்து சொல்லிட்டே வா. இடது, வலது, நிறுத்துன்னு சொன்னாப் போதும். இன்னும் கொஞ்ச தூரம்தான். போயிடலாம்க்கா."

போய்விடலாம். நானும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். எனக்குக் கண் இருக்கிறது, அவனுக்குக் கை இருக்கிறது. இன்று போய்விட்டால் புதன்கிழமையும் இதே மாதிரி போகலாம், வெள்ளிக்கிழமையும் போகலாம். காலில் வீக்கம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தது, செருப்பு வார் பதிந்த இடம் பள்ளமாக நின்றது. முன்னால், எங்கள் வெளிச்சத்துக்குள்ளேயே, அந்த ஆரஞ்சுச் சட்டைக்காரி குனிந்து குனிந்து கூட்டிக்கொண்டே போய்க்கொண்டிருந்தாள். அவளுக்கு முன்னால் இன்னும் எத்தனை பேரோ. நான் கத்துவதற்கு அரை நொடி தாமதமானால் போதும்.

"சாவியக் கொடு" என்றேன்.

"அக்கா, உனக்கு மூச்சு முட்டும். போன தடவ நான் பாத்தேன்."

"கொடுடா."

கொடுக்கவில்லை. நானே திருகி எடுத்துக்கொண்டேன். இன்ஜின் அடங்கியது. இருட்டில் நிற்கும் வண்டி மேல் யாராவது வந்து மோதிவிடக் கூடாதே என்று விளக்கை மட்டும் எரியவிட்டான். அவன் கண்ணைத் துடைத்துத் துடைத்து எதிரில் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஐந்தரைக்கு ஃபோன் அடித்தது. நர்ஸ்.

"அம்மா, எங்க இருக்கீங்க? பெஞ்சுல ஒரு தாத்தா உக்காந்திருக்காரு. இன்னும் அஞ்சு நிமிஷம் வேணா பாக்கறேன். நாலாம் பெட்ட அவருக்குக் கொடுத்துடட்டுமா?"

"வந்துட்டோம்னு சொல்லு, வந்துட்டோம்னு சொல்லு" என்று தம்பி ஃபோனைப் பிடுங்க வந்தான். ஃபோன் எங்கே இருக்கிறது என்று சரியாகத் தெரியாமல் அவன் கை என் கன்னத்தில் பட்டது. அந்தக் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"கொடுத்துடுங்கம்மா" என்றேன்.

விடிவதற்கு இன்னும் அரை மணி நேரம் இருந்தது.